மூன்று நாள் வெயில் அடித்தால் பனிச்சரிவு பயம் போய்விடுமா?

கேள்வி: பிப்ரவரியில் நண்பர்கள் நான்கு பேர் குல்மார்க் போகிறோம். பனிச்சறுக்கு ஓரளவு பழக்கம். கோண்டோலா கேபிள் காரில் அஃபர்வத் மலை வரை ஏறி, பனிச்சறுக்குப் பாதைகளைக் கண்காணிக்கும் ரோந்துக் குழுவின் எல்லைக்கு வெளியே உள்ள சரிவுகளில் இறங்க ஆசை. பனி கொட்டி முடிந்து மூன்று நாள் வெயில் அடித்திருந்தால் போகலாமா?

பதில்: வெயிலை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பனி கொட்டிய முதல் இரண்டு நாளில்தான் ஆபத்து அதிகம் என்பது சரி. ஆனால் அப்புறம் அது குறைவதும் குறையாததும் அடியில் கிடக்கும் பழைய பனியைப் பொறுத்தது.

காஷ்மீரில் குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சம் பனி விழுந்து, பிறகு வாரக்கணக்கில் வானம் வெறுமனே கிடப்பது உண்டு. அந்த மெல்லிய பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரி. மேற்பரப்போ இரவில் மைனஸ் 15 வரை போகும். இந்த வித்தியாசத்தால் நீராவி மேலேறி, பனித்துகள்கள் ஒட்டுதல் இல்லாத மணிகளாக மாறிவிடும். குழி தோண்டி அடிப்பனியை ஒரு கை அள்ளிப் பாருங்கள். உருண்டை பிடிக்க வராமல் சீனி மாதிரி விரலிடுக்கில் வழிந்தால், அதுதான் பலவீனமான அடுக்கு. மேலே ஒரு மீட்டர் பனி பலகைபோல் இறுகி உட்கார்ந்திருந்தால், உங்கள் ஒருவர் எடையே அதை உடைத்து நகர்த்தப் போதும். இந்த அடுக்கு கெட்டிப்பட வாரங்கள் ஆகும். 2024 ஜனவரியில் குல்மார்க் பனியில்லாமல் வறண்டு கிடந்தது. பிப்ரவரியில் கொட்டித் தீர்த்தது. 22ஆம் தேதி கிலன்மார்க் பக்கம் பனிச்சரிவில் ரஷ்யாவிலிருந்து வந்த ஒருவர் இறந்தார்.

சரிவின் கோணத்தைக் கட்டாயம் அளந்துபாருங்கள். ஸ்கீ கம்பைப் பனிமேல் படுக்க வைத்து, அதன்மேல் போனை வைத்தால் கோணமானி ஆப் காட்டிவிடும். இறுகிய பனி பலகைபோல் மொத்தமாகப் பெயர்ந்து வரும் பலகைச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள்தான் நிகழும். 30க்குக் கீழே இருந்தாலும், தலைக்கு மேல் செங்குத்துச் சரிவு இருந்தால் அங்கே நிற்காதீர்கள். காற்று முகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் பனியைக் குவிக்கும். பஞ்சுமெத்தை போலத் தெரியும் அந்த இடம்தான் மோசம். காலடியில் ‘வூம்ஃப்’ என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டாலோ, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். விவாதமே வேண்டாம்.

பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் பனிச்சரிவுகளை ஆராயும் டிஜிஆர்இ நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். குல்மார்க் பாராமுல்லா மாவட்டத்தில் வரும். அந்த எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்குமானது என்பதால், நீங்கள் இறங்கும் சரிவைப் பற்றிக் காலையில் ரோந்துக் குழுவிடமும் கேளுங்கள். பழைய பனி சீனியாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், 30 டிகிரிக்கு மேல் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

நான்கு பேரிடமும் பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும், வாங்கும் கருவி), புரோப் (பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (மண்வாரி) தனித்தனியே இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டியெடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். வெளியிலிருந்து உதவி அதற்குள் வராது, நண்பர்கள்தான் தோண்ட வேண்டும். வாடகைக்கு எடுத்த அன்றே ஹோட்டலுக்குப் பின்னால் பீக்கன் ஒன்றைப் புதைத்து, மாறிமாறித் தேடிப் பழகுங்கள். தேடும்போது போன் பீக்கனிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் சிக்னல் குழம்பும்.