உலகமயமாக்கலும் இஸ்லாமிய வங்கி முறையும் சிறு, நடுத்தரத் தொழில்களை எப்படிப் பாதிக்கின்றன?

கேள்வியைப் பார்த்தால் கம்பஸுக்கு அசைன்மென்ட் எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. வரைவிலக்கணமெல்லாம் உங்கள் நோட்ஸில் இருக்கும். நான் மருதமுனையில் 14 தறி போட்டுச் சாரன் நெய்விக்கிறவன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

உலகமயமாக்கல் என்றால் எனக்கு இதுதான்: எங்களுக்கு நூல் இந்தியாவிலிருந்து டொலர் விலைக்கு வருகிறது. விற்பது மட்டும் இலங்கை ரூபாய்க்கு. கடையில் என் சாரனுக்குப் பக்கத்திலேயே இறக்குமதி மில் சாரன் மலிவாகத் தொங்கும்.

2022 ஜனவரியில் ஒரு வங்கியின் இஸ்லாமியப் பிரிவில் 9 லட்சத்துக்கு முறாபஹா எடுத்தேன். வங்கி நூலை வாங்கி, 54,000 லாபம் வைத்து எனக்கு விற்கும். மாதம் 1,59,000 வீதம் 6 தவணை. கொழும்புப் புறக்கோட்டையில் வங்கியின் சார்பில் நான் நூலை லொறியில் ஏற்றும்போது வங்கி அதிகாரி போன் எடுத்தார்: "கட்டெல்லாம் எண்ணிப் பாத்தீங்களா? நூல் எங்கட கைக்கு வந்த பிறகுதான் உங்களுக்கு விக்கலாம்." எண்ணிச் சொன்ன பிறகே விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 ரூபாய் டொலர் மே மாதத்தில் 360 ஆனது. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளி வட்டியை ஏற்றியது. ஓவர்டிராப்டில் (வங்கியின் வட்டிக் கடனில்) தொழில் செய்த பக்கத்து வீட்டுக் காக்காவுக்கு (அண்ணனுக்கு) மாதாமாதம் வட்டி ஏறியது. எனக்குக் கடைசித் தவணை வரை அதே 1,59,000தான்.

"பேர் மாத்தின வட்டிதானே" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: விலை பேசி முடித்தபின் வங்கியே நினைத்தாலும் ஏற்ற முடியாது. தவணை பிந்தினால் அறவிடும் பணமும் என் ஒப்பந்தப்படி தர்மக் கணக்குக்குத்தான் போகும். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

ஆனால் அது அந்த ஒரு தடவைக்குத்தான். ஜூலையில் மறுபடி போனபோது நூல் விலை இரட்டிப்பு, சந்தை வட்டியைப் பார்த்து வங்கியின் லாப வீதமும் ஏறியிருந்தது. முஷாரகா தாருங்கள், லாபத்திலும் நட்டத்திலும் பங்கு எடுங்கள் என்று கேட்டேன். "அது பெரிய புரொஜெக்ட்டுக்கு" என்றார்கள். காணி உறுதியை மற்ற வங்கி கேட்கிற மாதிரியே கேட்டார்கள். டொலர் ஏறினால் நட்டம் முழுக்க நெசவுக்காரன் தலையில். வட்டி கூடாது என்று நம்பித் தேடிப் போகிறவனோடு பங்காளியாக நிற்காமல் வெறும் வியாபாரியாகவே நிற்கிறார்கள். என் மனத்தாங்கல் அதுதான்.

இன்னொன்று, கேள்விக்கு வெளியே என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். கொழும்பு மொத்தக் கடைக்காரர்கள் சரக்கை இன்றைக்கு எடுத்துவிட்டு மூன்று மாதம் தள்ளித் திகதி போட்ட செக் தருகிறார்கள். வங்கிக்கு நான் மாதம் முதலாம் திகதி கட்ட வேண்டும், தறிக்காரப் பெண்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். மேசை லாச்சிக்குள் இப்போதும் மூன்று செக் கிடக்கிறது. ஒன்று ஏற்கெனவே இரண்டு முறை திரும்பி வந்தது.