கோல்ஃப் சிமுலேட்டரைப் பெரிய டிரைவுக்கு மாற்றுவது: மைதானங்களை மட்டும் நகர்த்துங்கள்

"கோல்ஃப் சிமுலேட்டர் மென்பொருள் சி டிரைவை நிரப்பிவிட்டது. திரும்ப இன்ஸ்டால் பண்ணாமல் இரண்டாவது டிரைவுக்கு மாற்றலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். ஆனால் மென்பொருளைத் தொடாதீர்கள். இடத்தைப் பிடிப்பது அது இல்லை, நீங்கள் இறக்கி வைத்திருக்கும் மைதானங்கள்தான். அந்த ஃபோல்டரை மட்டும் நகர்த்தினால் போதும்.

உங்களிடமும் என்னைப் போல 512 ஜிபி லேப்டாப்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் கணினி படித்தவன் இல்லை. திருகோணமலை உப்புவெளியில் நாலு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிறேன். கனடாவில் இருக்கும் மச்சான் தான் பாவித்த, அடித்த பந்தை அளந்து திரையில் ஓட்டிக் காட்டும் சிமுலேட்டர் கருவியையும் லேப்டாப்பையும் லைசன்ஸோடு தந்துவிட்டுப் போனார். பின்பக்கக் கொட்டகையில் திரை கட்டினேன். இரண்டு பக்கமும் மீனவ நண்பர் கொடுத்த பழைய வலை. கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டர், வலையின் கண் அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும் என்று அடிமட்டத்தை வைத்து அளந்து பார்த்துத்தான் வாங்கினேன்.

"திருகோணமலையில் கோல்ஃபா, பணக்காரன் விளையாட்டு உனக்கெதற்கு" என்று கேட்பவர்கள் இங்கேயும் வருவார்கள். சீனக்குடாவில் விமானப்படையின் கோல்ஃப் மைதானமே இருக்கிறது, அதை விடுங்கள். என் அப்பா சின்ன வயதில் மலையகத்தில் ஒரு மைதானத்தில் துரைமாருக்குப் பை தூக்கியவர். 1977 கலவரத்தில் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. பை தூக்கிய காலம் முழுக்க ஒரு பந்துகூட அடித்ததில்லை. இப்போது கொட்டகையில் நின்று அடிக்கிறார். பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) வந்தால் திரைக்கு முன் குந்தி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, புல்லின் சரிவு எந்தப் பக்கம் என்று பார்க்கிறார். திரையில் சரிவைக் காட்டும் கோடு தெரிகிறது, அதைப் பார்க்க மாட்டார். பணக்காரன் விளையாட்டு என்று சொல்பவர்கள் அந்தப் பைகளைத் தூக்கியது யார் என்றும் ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஏப்ரலில், சீசன் தொடங்கும் நேரம், சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. எழுபது மைதானம், 190 ஜிபி. விளையாட்டு பாதியில் மூடிக்கொண்டது. டிரைவில் இடம் இல்லாவிட்டால் விண்டோஸ் நினைவகத்துக்கு உதவியாக வைத்திருக்கும் பேஜ் ஃபைலைப் பெரிதாக்க முடியாது, அதுதான் காரணம். நான் அவசரப்பட்டு மென்பொருள் ஃபோல்டர் முழுவதையும் கட் பண்ணி வெளி ஹார்டுடிஸ்க்கில் பேஸ்ட் பண்ணினேன். திறந்தது. மைதானமும் வந்தது. ஆனால் பந்தை அடித்தால் திரையில் ஒன்றும் நகரவில்லை. என் கருவி வைஃபையில் அந்த மென்பொருளோடு பேசுகிறது. விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கொடுப்பது நிரல் இருக்கும் முழுப் பாதையை வைத்து. பாதை மாறியதும் பழைய அனுமதி செல்லாது. புதிதாக அனுமதி கேட்கும் பெட்டி முழுத்திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கருவிதான் பழுது என்று நினைத்து இரண்டு நாள் அலைந்தேன். ஷார்ட்கட்டும் அன்இன்ஸ்டால் பாதையும்கூட அதே மாதிரிதான் அறுந்துபோகும்.

அதனால் மென்பொருளைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன். முதலில் உங்கள் மென்பொருளின் செட்டிங்ஸில் மைதான ஃபோல்டரை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் ஜங்ஷன், அதாவது பழைய பாதையிலிருந்து புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் இணைப்பு, போட வேண்டும். மைதான ஃபோல்டரைப் புதிய டிரைவுக்குக் காப்பி பண்ணுங்கள், கட் வேண்டாம். பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி வையுங்கள். அதே பெயரில் ஃபோல்டர் இருந்தால் ஜங்ஷன் உருவாகாது. பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எம்கேலிங்க் (mklink) என்ற கட்டளை, சாய்கோடு போட்டு ஜே (/J), அடுத்து பழைய பாதை, கடைசியில் புதிய பாதை. இந்த வரிசை முக்கியம். பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். மென்பொருள் பழைய இடத்தில் தேடும், விண்டோஸ் புதிய இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும். "ஒழுங்காக அன்இன்ஸ்டால் பண்ணி மீண்டும் போடுவதுதான் முறை" என்று கணினிக்காரர்கள் சொல்வார்கள். முறைதான். ஆனால் நமது இணையத்தில் 190 ஜிபியை மறுபடி இறக்கிப் பாருங்கள், பிறகு கதைப்போம்.

ஸ்டீமில் வாங்கிய கோல்ஃப் விளையாட்டு என்றால் இதெல்லாம் தேவையில்லை. அதன் ப்ராபர்ட்டீஸுக்குள் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் பகுதியில் நகர்த்தும் பட்டனே உண்டு.

எனக்கு இன்னொரு அடியும் விழுந்தது. விருந்தினர் ஒருவர் படம் பார்க்கப் பென்டிரைவ் குத்தியிருந்தார். பிறகு ஹார்டுடிஸ்க்கைச் செருகியபோது அதன் எழுத்து இ-யிலிருந்து எஃப் ஆகிவிட்டது. ஜங்ஷன் இ-யைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று பின்னேரம் அப்பா கோல்ஃப் மட்டையோடு நிற்கிறார், மைதானப் பட்டியல் வெறுமையாக இருக்கிறது. "எல்லாம் போயிட்டுதா தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் டிரைவுக்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுத்து ஜங்ஷனை அதற்கு மாற்றினேன். எழுத்து வரிசையில் பின்னால் உள்ளதைக் கொடுத்தால் பென்டிரைவ்கள் அதைப் பிடிக்காது.

கடைசியாக, முடிந்தால் சுழலும் ஹார்டுடிஸ்க்கை நம்பாதீர்கள். என்னிடம் ஒரு மைதானம் திறக்க நாலு நிமிடம் எடுத்தது, அப்பா கதிரையில் உட்கார்ந்துவிடுவார். லேப்டாப்புக்குள் எஸ்எஸ்டி பொருத்தும் இரண்டாவது எம்.2 இடம் காலியாக இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். 1 டிபி எஸ்எஸ்டி போட்டேன், இப்போது அரை நிமிடம்கூட இல்லை. உங்கள் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு டிரைவ் வாங்குங்கள். ஒரே ஒரு இடம்தான் இருந்தால் பெரிய எஸ்எஸ்டிக்கு முழு டிரைவையும் குளோன் (அப்படியே நகல்) பண்ணலாம். சி என்ற எழுத்து மாறாததால் எந்தப் பாதையும் அறாது. குளோன் பண்ணிய பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யைப் பெரிதாக்கும் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சி-க்கு அடுத்து ரிக்கவரி பகுதி குறுக்கே இருக்கும்.

பெயர் மாற்றி வைத்த பழைய ஃபோல்டரை உடனே அழிக்காதீர்கள். நான் பதினெட்டுக் குழியும் ஒரு தடவை அப்பாவோடு ஆடி முடித்த பிறகுதான் அழித்தேன்.