கேமராவுக்கு வசூல் பண்றதுக்கு முன்னாடி அந்தப் பையன் வீட்டுக்குப் போங்க

கேள்வி: தங்கச்சிமடம் பக்கத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில நான் எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) மெம்பர். ஒன்பதாவது படிக்கிற ஒரு பையனோட அப்பாவ இலங்கை நேவி புடிச்சிட்டுப் போயிருச்சு, அத வச்சு "ஜெயிலு"ன்னே பட்டப்பேரு வச்சுட்டானுங்க, இப்ப ஸ்கூலுக்கே வரமாட்டேங்குறான். பாதுகாப்புக்கு சிசிடிவி கேமரா போடலாம், வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணலாம்னு கூட்டத்துல பேச்சு. பண்ணலாமா சார்?

பதில்: வசூல தள்ளி வைங்கம்மா. இந்தக் கேலியெல்லாம் பாத்ரூம் பக்கம், பஸ் ஸ்டாப்ல, ராத்திரி வாட்ஸப் குரூப்லதான் நடக்கும், அங்க எந்த கேமரா பாக்கும்?

மொதல்ல கிளாஸ் டீச்சர் அவன் வீட்டுக்குப் போகட்டும், போனதும் ஏன் லீவுன்னு ஆரம்பிக்காம அப்பாகிட்ட இருந்து தகவல் வந்துச்சான்னு கேக்கட்டும். ஏன்னா சம்பாதிக்கிற ஆளு உள்ள இருந்தா வீட்டுல காசு இருக்காது, பையன் கேலிக்காக மட்டும் நின்னானா இல்ல எங்கயாவது வேலைக்குப் போறானான்னு பாக்கணும், ரெண்டுக்கும் மருந்து வேற. திரும்பி வர்ற அன்னைக்கு கூட நடந்து வர ரெண்டு பசங்கள ஏற்பாடு பண்ணிருங்க. கேலி பண்ணவனுங்கள பிரேயர்ல முட்டி போட வைக்க வேணாம், அந்தக் கோவமும் இவன் மேலதான் திரும்பும். தனித்தனியா கூப்பிட்டுப் பேசி, வீட்டுக்கும் சொல்லணும்.

அப்புறம் மாணவர் மனசு பெட்டி, அதான் புள்ளைங்க புகார எழுதிப் போடுற பெட்டி. எச்எம் ரூம் வாசல்ல மாட்டி வச்சா எவன் போடுவான்? யார் போட்டான்னு தெரியாத எடத்துக்கு மாத்துங்க, வாரா வாரம் எச்எம்மும் ஒரு லேடி டீச்சரும் சேந்து தொறக்கட்டும். ஊர்க்காரங்க பக்கத்துல வேணாம், நீங்களும்தான், கோவிச்சுக்காதீங்க.

அதுல பாலியல் தொந்தரவுன்னு ஒரு வரி இருந்தாலும் ஊர்ல பேசி முடிக்கிற கதையே கெடையாது. 2012 போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்கு சொல்லியே ஆகணும், மறைச்சா பள்ளித் தலைமைக்கு 1 வருசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. 1098க்கு புள்ளைங்களே போன் பண்ணலாம், கல்வி உதவிக்கு 14417, ரெண்டையும் ஒவ்வொரு கிளாஸ் செவுத்துலயும் பெருசா எழுதுங்க.

அப்பாமாரு கூட்டத்துக்கு வரலன்னு எல்லா ஸ்கூல்லயும் புலம்புறாங்க, படகு கடலுக்குப் போற அன்னைக்கு கூட்டம் வச்சா எப்படி வருவாங்க? மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், ஸ்கூல் தொறந்ததும் தடை முடியறதுக்குள்ள சில நாள் கெடைக்கும், விசைப்படகுக்காரங்க எல்லாம் கரையில இருப்பாங்க, வருசத்தோட மொத பெற்றோர் கூட்டத்த அப்பவே வச்சிருங்க.

எப்படியும் காசு சேருதுன்னா பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளும் லைட்டும் போடுங்க. மிச்சம் இருந்தா வாசல் கேட்டுக்கு மட்டும் ஒரு கேமரா.