டீ குடித்தால் தூக்கம் போய்விடுமா?

கேள்வி: என் கணவருக்கு வருஷம் முழுக்கத் தும்மல், மூக்கில் நீர். மெடிக்கலில் செட்டிரிசின் வாங்கிப் போடுகிறார். லெவோசெட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் என்கிறார்களே, எது நல்லது? தினமும் காலை ஆறு மணிக்கு மாத்திரையும் தண்ணீரும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன், போட்டுக்கொண்டு ஸ்கூல் வேன் எடுக்கப் போவார். கொஞ்சம் தூக்கம் அசத்தும், வழியில் ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்பார்.

பதில்: மாத்திரைக்கு அப்புறம் வருகிறேன். ஸ்கூல் வேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதற்கு மேல் படிக்கவே முடியவில்லை. செட்டிரிசின் எல்லோரையும் அசத்தாது, ஆனால் உங்கள் கணவரை அசத்துகிறது, அது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், தெரிந்துதான் டம்ளரை நீட்டுகிறீர்கள். ஒரு டீ அந்த மருந்தை முறித்துவிடாது. கண் திறந்திருந்தாலும் பிரேக்குக்குக் கால் போவது தாமதமாகலாம். பையை மாட்டி, தலை வாரி, டாட்டா காட்டி அனுப்புகிற அத்தனை அம்மாக்களும் அவரை நம்பித்தானே அனுப்புகிறார்கள்? குடும்பத்துக்காக ஓடுகிறார், சரி. அந்தப் பிள்ளைகளும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

லெவோசெட்டிரிசினுக்கு மாறுவதில் பெரிய லாபம் இல்லை. செட்டிரிசினில் வேலை செய்கிற பாதியைத் தனியாகப் பிரித்தெடுத்ததுதான் அது. 10 மில்லிகிராமுக்குப் பதில் 5, அசத்துவது கிட்டத்தட்ட அதே அளவு. சளி மாத்திரை என்று தருகிற கலவைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கும், பழைய வகை, அது இன்னும் மோசம், தொடவே வேண்டாம். வண்டி ஓட்டுகிறவருக்கு ஃபெக்ஸோஃபெனடின்தான் பொருத்தம், அது மூளைக்குள் அனேகமாகப் போவதே இல்லை. வழக்கமாக 120 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும், ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. விலை கூடத்தான். வேறு செலவைக் குறையுங்கள்.

மூக்கடைப்பும் இருந்தால் மாத்திரை மட்டும் போதாது, டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தினமும் அடிக்க வேண்டும், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். வேன் சீட்டை உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், அந்தத் தூசிதான் அவர் மூக்குக்கே போகிறது.

நாளைக் காலை அந்த செட்டிரிசினை எடுத்துக் கொடுக்காதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போய், தும்மலைச் சொல்லும் முன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார் என்று சொல்லுங்கள். எந்தப் புது மாத்திரையானாலும் முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை போடட்டும், வண்டிச் சாவி அன்று உங்களிடம் இருக்கட்டும்.