லினக்ஸ்ல சார்ஜ் நிக்கலையா? புது பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி வாட் கணக்கைப் பாருங்க

கேள்வி: லேப்டாப் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. விண்டோஸ்ல இருந்தப்போ அஞ்சு மணி நேரம் தாராளமா வரும், போன மாசம் உபுண்டு லினக்ஸ் போட்டேன், இப்போ ரெண்டரை மணி நேரத்துல படுத்துடுது. பேட்டரி போயிடுச்சு, புதுசு வாங்கிப் போடுன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. வாங்கிடலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. போன மாசம் வரைக்கும் அஞ்சு மணி நேரம் உழைச்ச பேட்டரி ஓஎஸ் மாத்துன உடனே பாதியா தேயறதுங்கறது ரொம்ப அபூர்வம். தொட்டி சின்னதாயிடுச்சா, அதாவது பேட்டரி கொள்ளளவு குறைஞ்சிடுச்சா, இல்ல குழாய் ஒழுகுதா, அதாவது லேப்டாப் அதிகமா கரண்ட் இழுக்குதாங்கறதைத்தான் முதல்ல பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா புது பேட்டரிக்குக் காசு போடுறது தொட்டி கெட்டுப்போயிருந்தா மட்டும்தான் பிரயோஜனம்.

தொட்டியைப் பாக்குறது சுலபம். க்னோம் டெஸ்க்டாப்னா (உபுண்டுல வழக்கமா வர்றது இதுதான்) பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, இல்லேன்னா இன்ஸ்டால் பண்ணிக்கலாம், கேடிஇங்கற டெஸ்க்டாப்னா இன்ஃபோ சென்டர்லயே எனர்ஜி பக்கம் இருக்கும். அதுல ரெண்டு நம்பர் காட்டும், கம்பெனியில செஞ்சப்போ எத்தனை வாட்-அவர் (ஒரு வாட்டை ஒரு மணி நேரம் இழுத்தா ஆகற அளவு) கொள்ளும்னு ஒண்ணு, இப்போ ஃபுல்லா ஏத்துனா எத்தனை கொள்ளுதுன்னு இன்னொண்ணு. 50 இருக்க வேண்டிய இடத்துல 42 இருந்தா 84 சதவீதம், மூணு வருஷத்துக்கு அது நல்ல பேட்டரிதான். 25, 28னு இருந்தா சரி, ஆபீஸ்ல சொல்றது நியாயம், அப்போ கீழ கடைசி கேள்விக்குப் போயிடுங்க.

அடுத்து குழாய். பவர்டாப்னு இன்டெல் ஆளுங்க எழுதுன ஒரு சின்ன புரோகிராம் எல்லா டிஸ்ட்ரோலயும் (லினக்ஸ் வகையிலயும்) கிடைக்கும். அடாப்டரைக் கழட்டிட்டு, ப்ரைட்னஸ் பாதியில வச்சு, எல்லாத்தையும் மூடிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா விடுங்க, அப்புறம் பவர்டாப்பை ரூட்டா (அட்மின் உரிமையோட) ஓட்டிப் பாத்தா பேட்டரி எத்தனை வாட் இறங்குதுன்னு மேல காட்டும். இதுதான் முக்கியமான நம்பர். அதே 42 வாட்-அவர் பேட்டரியில 8 வாட் இழுத்தா அஞ்சு மணி நேரத்துக்கு மேல வரும், 16 வாட் இழுத்தா ரெண்டரை மணி நேரம் சொச்சம். உங்க கதை அப்படியே ஒத்துப்போகுது பாருங்க! சின்ன ஸ்க்ரீன் சாதா லேப்டாப் சும்மா இருக்கறப்போ 4லேர்ந்து 7 வாட்டுக்குள்ள இருக்கணும்ங்கறது என் கணக்கு, ஒண்ணும் ஓடாமலே பத்தைத் தாண்டி நிக்குதுன்னா உள்ள ஏதோ ஒண்ணு தூங்காம முழிச்சிட்டிருக்கு.

அந்த ஏதோ ஒண்ணு பெரும்பாலும் என்விடியா கார்டு. உங்க லேப்டாப்ல தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கா இல்லையான்னு நீங்க எழுதல, இருந்துச்சுன்னா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு முதல்ல இங்கதான் கைவைக்கணும். விண்டோஸ்ல வேலை இல்லாதப்போ அந்தக் கார்டை டிரைவரே அணைச்சு வச்சிருக்கும். லினக்ஸ்ல டிரைவரும் அமைப்பும் சரியா உக்காரலேன்னா நீங்க வெறும் டெக்ஸ்ட் ஃபைல் அடிச்சிட்டிருந்தாலும் அது பாட்டுக்கு கரண்டைக் குடிச்சிட்டிருக்கும். உபுண்டுல என்விடியாவோட சொந்த டிரைவரைப் போட்டா ப்ரைம் செலெக்ட்னு ஒரு வசதி கூடவே வரும், அதுல ஆன் டிமாண்ட்னு வைங்க. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசையும் அதுக்குப் பிறகு வந்த கார்டும்னா வேலை இல்லாதப்போ தானா அணைஞ்சுக்கும். ஜிடிஎக்ஸ் 10 மாதிரி பழசுன்னா அது முழுசா அணையாது, கேம் ஆடாத நாள்ல இன்டெல்னு மாத்தி ரீஸ்டார்ட் பண்றதுதான் வழி. டிரைவரே வேண்டாம்னு எல்லாத்தையும் பிளாக்லிஸ்ட் பண்ணிட்டா (ஏறவே விடாம தடுத்துட்டா) மிச்சமாகும்னு சிலர் நினைக்கிறாங்க, அது தப்பு, கவனிக்க டிரைவர் இல்லேன்னா கார்டை யாரும் அணைக்க மாட்டாங்க, அது எரிஞ்சுகிட்டேதான் இருக்கும். இன்னொண்ணு, நிறைய லேப்டாப்ல எச்டிஎம்ஐ போர்ட் நேரா என்விடியா கார்டுலதான் போய் சேருது, வெளி மானிட்டர் மாட்டுனா கார்டு முழிச்சுக்கும், அப்போ வாட் ஏறுறது சகஜம்.

தனி கார்டே இல்லேன்னா ப்ரவுசரைப் பாருங்க. வீடியோ பாக்குறப்போ மட்டும் ஃபேன் கத்துதுன்னா வீடியோவை கிராஃபிக்ஸ் சிப் பிரிக்கல, சிபியுவே முக்கி முக்கி பிரிக்குதுன்னு அர்த்தம். ஃபயர்ஃபாக்ஸ்ல அபவுட் சப்போர்ட் (about:support) பக்கத்துல ஒவ்வொரு கோடெக்குக்கும் (வீடியோவைச் சுருக்குற முறைக்கும்) ஹார்டுவேர் டிகோடிங் இருக்கா இல்லையான்னு போட்டிருக்கும். இன்டெல் சிப்னா அதோட மீடியா டிரைவர் பேக்கேஜ் இருக்கான்னு பாருங்க. ஃபெடோரா லினக்ஸ்னா ஒரு விஷயம், பேட்டன்ட் பிரச்னையால 2022லேர்ந்து ஏஎம்டி சிப்புக்கு எச்.264, எச்.265 கோடெக் ரெண்டுக்குமான ஹார்டுவேர் டிகோடிங்கை அவங்க எடுத்துட்டாங்க, ஆர்பிஎம் ஃப்யூஷன்ங்கற வெளி சாஃப்ட்வேர் களஞ்சியத்துலேர்ந்து தனியா போட்டுக்கணும். யூட்யூப் இப்போ ஏவி1ங்கற கோடெக்ல நிறைய அனுப்புது, இன்டெல்ல 11வது தலைமுறைக்கு முன்னாடி வந்த சிப்புக்கு அதைப் பிரிக்கத் தெரியாது, அதுங்களுக்கு எச்.264 மட்டும் கேட்டு வாங்குற ப்ரவுசர் எக்ஸ்டென்ஷன் ஒண்ணு போட்டா நிலைமை மாறும்.

கேள்வி: சார்ஜை மிச்சம் பண்ற டிஎல்பி, ஆட்டோ சிபியு ஃப்ரீக், பவர்டாப் ஆட்டோ ட்யூன் எல்லாமே போட்டுட்டேன், சார்ஜ் அப்படியேதான் இருக்கு, போதாததுக்கு மவுஸ் வேற அப்பப்போ நின்னு நின்னு வருது. எதை விட்டேன்?

பதில்: எதையும் விடல, எல்லாத்தையும் போட்டதுதான் பிரச்னை. இதுங்கள்ல ஒண்ணு திருகுற செட்டிங்கையே இன்னொண்ணும் திருகுது, ஒண்ணு வச்சதை இன்னொண்ணு அழிக்கும். உபுண்டுல பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் ஏற்கனவே இருக்கு, மேல மெனுல பவர் சேவர், பேலன்ஸ்டுன்னு வருதே அதேதான், ஃபெடோரா 41லேர்ந்து அந்த வேலையை ட்யூன்ட்ங்கற புரோகிராம் பாத்துக்குது. முக்கால்வாசி பேருக்கு அதுல பவர் சேவரைத் தட்டுனாலே போதும். டிஎல்பிதான் வேணும்னா வைங்க, நல்ல சாமான்தான், குறிப்பா பழைய திங்க்பேட்ல, ஆனா அப்போ மத்ததை எடுத்துடணும்.

மவுஸ் நிக்கிறது பவர்டாப் ஆட்டோ ட்யூனால. அது யூஎஸ்பியில இருக்கற எல்லாத்தையும் தூங்கப் போட்டுடும், மவுஸ் ரெண்டு செகண்ட் சும்மா இருந்தாலே தூங்கிடும், நீங்க அசைக்கிறப்போ முழிக்க நேரம் எடுக்கும். அதை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, சரியாயிடும். பவர்டாப்பை அளக்க மட்டும் வச்சுக்கோங்க. ஒவ்வொரு மாத்தமா பண்ணி ஒவ்வொரு தடவையும் வாட்டைப் பாருங்க, அரை வாட்கூட குறையலேன்னா அந்த மாத்தம் வேண்டாம், பழையபடி வச்சிடுங்க. பழைய குறிப்புகள்ல வர்ற பிசிஐஇ ஏஎஸ்பிஎம் ஃபோர்ஸ் (உள்ள இருக்கற கார்டுகளோட இணைப்பை வம்படியா தூங்க வைக்கிறது) மாதிரி கெர்னல் ஆப்ஷனை எல்லாம் கண்ணை மூடிட்டு போடாதீங்க, சில மெஷின் அதுல அப்படியே உறைஞ்சு நின்னுடும்.

கேள்வி: டார்க் தீம் போட்டா சார்ஜ் மிச்சமாகுமா?

பதில்: ஓஎல்ஈடி ஸ்க்ரீன்னா ஆகும். சாதா எல்சிடின்னா ஆகாது, பின்னாடி விளக்கு எரிஞ்சுகிட்டேதானே இருக்கு. ப்ரைட்னஸை இறக்குங்க, ஸ்க்ரீன் 120 ஹெர்ட்ஸ்னா பேட்டரியில இருக்கறப்போ 60க்கு மாத்துங்க, அது நிஜமாவே தெரியும்.

கேள்வி: ராத்திரி 80 சதவீதத்துல மூடி வச்சா காலைல செத்துக் கிடக்குது. பேட்டரி லீக்கா?

பதில்: லீக் எல்லாம் இல்ல, உங்க லேப்டாப் முழுசா தூங்கல. சிஸ்டம் ஃபைல்ல பவர் ஃபோல்டருக்குள்ள மெம் ஸ்லீப்னு (/sys/power/mem_sleep) ஒரு ஃபைல் இருக்கும், அதைத் திறந்தா எஸ்2ஐடில், டீப்னு வரும், எது அடைப்புக்குறிக்குள்ள இருக்கோ அதுதான் இப்போ ஓடுற தூக்கம். டீப்னா ரேம் தவிர கிட்டத்தட்ட எல்லாம் அணைஞ்சுடும், எட்டு மணி நேரத்துக்கு சில சதவீதம்தான் போகும். எஸ்2ஐடில்ல சிப் உயிரோடதான் இருக்கும், எல்லாம் ஒழுங்கா அடங்குனா பரவாயில்ல, ஒரே ஒரு டிவைஸ் அடங்கலேன்னாலும் ராத்திரி முழுக்க பேக்குக்குள்ள சூடாகிட்டே கிடக்கும். டீப் பட்டியல்ல இருந்தா அதுக்கு மாத்திப் பாருங்க. கொஞ்ச வருஷமா வர்ற நிறைய லேப்டாப்ல கம்பெனிக்காரங்க டீப்பையே எடுத்துட்டாங்க, விண்டோஸோட மாடர்ன் ஸ்டான்ட்பைக்காக (ஃபோன் மாதிரி அரைத்தூக்கம்) பண்ணதுக்கு நாம அனுபவிக்கிறோம், இதை எந்த விளம்பரத்துலயும் போட மாட்டாங்க. அப்படிப்பட்டதுன்னா கொஞ்ச நேரம் தூங்கிட்டு அப்புறம் ஹைபர்னேட் ஆகற மாதிரி (ரேம்ல இருக்கறதை டிஸ்க்ல எழுதிட்டு முழுசா அணையறது) சிஸ்டம்டில (லினக்ஸோட சேவைகளை நடத்துற புரோகிராம்) வைக்கலாம், அதுக்கு டிஸ்க்ல ரேம் அளவுக்கு ஸ்வாப் இடம் வேணும், பயாஸ்ல செக்யூர் பூட் ஆன்ல இருந்தா நிறைய டிஸ்ட்ரோல ஹைபர்னேட் வேலை செய்யாதுங்கறதையும் ஞாபகம் வைங்க.

கேள்வி: எப்பவும் அடாப்டர்லயே இருக்கு, கழட்டணுமா?

பதில்: கழட்ட வேண்டாம், 80ல நிறுத்த சொல்லுங்க. லித்தியம் பேட்டரி 100லயே சூட்டுல உக்காந்திருந்தா சீக்கிரம் தேயும். திங்க்பேட், ஆசுஸ்ல எல்லாம் எத்தனைல நிறுத்தணும்னு லினக்ஸ்லேர்ந்தே வைக்கலாம், கேடிஇலயும் க்னோம் 48லயும் செட்டிங்ஸ்லயே வருது, டெல்லுன்னா பயாஸுக்குள்ள (ஆன் பண்றப்போ திறக்குற செட்டப்) இருக்கும். புது லேப்டாப் வாங்குறவங்க இந்த வசதி அந்த மாடல்ல லினக்ஸ்ல வேலை செய்யுதான்னு விசாரிச்சுட்டு வாங்குங்க.

கேள்வி: என்னோடது நிஜமாவே தேஞ்சுடுச்சு, 48ல 21தான் காட்டுது. புதுசு வாங்குறப்போ என்ன பாக்கணும்?

பதில்: லேப்டாப் மாடல் பேரை வச்சு வாங்காதீங்க, அதே மாடல் ரெண்டு மூணு விதமான பேட்டரியோட வந்திருக்கும், உள்ள இடமும் கனெக்டரும் மாறும். பின்மூடியைக் கழட்டி பேட்டரி மேல ஒட்டியிருக்கற பார்ட் நம்பரை போட்டோ எடுத்து அதை வச்சுத் தேடுங்க. எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர்) பெருசா போட்டிருக்கேன்னு மயங்கக்கூடாது, வோல்டேஜோட பெருக்கி ஆயிரத்தால வகுக்கணும், 11.4 வோல்ட், 4000 எம்ஏஎச்னா 45.6 வாட்-அவர். லேபிள்ல கணக்கு இதுக்கு ஒத்து வரலேன்னா, இல்ல ஒரிஜினல் சைஸ்லயே ஒரிஜினலைவிட ஒன்றரை மடங்குன்னு போட்டிருந்தா, நகர்ந்து போயிடுங்க. செஞ்ச தேதியும் கேளுங்க, வருஷக்கணக்கா கோடவுன்ல கிடந்ததும் தேஞ்சுதான் இருக்கும்.

வந்ததும் மாட்டி, ஒரு தடவை ஃபுல்லா ஏத்தி, சாதாரணமா வேலை பாத்து இறக்கி, திரும்ப ஏத்துங்க, அப்போதான் உள்ள இருக்கற மீட்டர் ஒழுங்கா காட்டும். அப்புறம் அதே பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல கொள்ளளவைப் பாருங்க, முடிஞ்சா சைக்கிள் கவுண்டையும் (எத்தனை தடவை ஃபுல்லா ஏத்தி இறக்கியிருக்குங்கற கணக்கு). புதுசுன்னு வந்தது 150 சைக்கிள் காட்டுனா அது யாரோ ஓட்டுன பேட்டரி. சில லேப்டாப் எப்பவுமே பூஜ்யம்தான் காட்டும், அதை நம்பி நல்லதுன்னு முடிவு பண்ண முடியாது, கொள்ளளவுதான் சாட்சி. 48னு வாங்குனது 38 காட்டுதுன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு, திருப்பிக் குடுக்குற கெடு முடியறதுக்குள்ள திருப்பிடுங்க. பழைய பேட்டரி உப்பியிருந்தா, டச்பேட் தூக்கிட்டு வந்தாலே அதான் அறிகுறி, புதுசு வர்ற வரைக்கும் காத்திருக்காம உடனே அணைச்சு, சார்ஜ் போடுறதை நிறுத்துங்க, குத்தி கிளறி கழட்டாதீங்க, குப்பையிலயும் போடாதீங்க, இ-வேஸ்ட் வாங்குற இடத்துல குடுத்துடுங்க.