கேள்வி – பதில்: சைக்ளோஸ்டைல் கவிதை இதழ்களைச் சேகரிப்பவர்களுக்கு

கேள்வி: அமெரிக்காவில் 1960களில் சைக்ளோஸ்டைல் எடுத்து வெளியான கவிதைச் சிற்றிதழ்களும் சிறுநூல்களுமாகப் பதினைந்து பிரதிகள் என்னிடம் சேர்ந்துள்ளன. பெரும்பாலானவை கறுப்பு எழுத்தில் உள்ளன. ஒன்று மட்டும் ஊதா. பலவற்றில் பக்க எண்ணே இல்லை, ஸ்டேப்ளர் பின்களும் துருப்பிடித்துவிட்டன. இவை முழுமையானவையா என்று எப்படி அறிவது? எல்லாவற்றையும் சேர்த்து பைண்டு செய்து வைக்கலாமா?

பதில்: பைண்டு செய்ய வேண்டாம். ஓரத்தை வெட்டிச் சீராக்கித் தைத்துவிட்டால், அந்த இதழ் எப்படிச் செய்யப்பட்டது, யார் கைக்குப் போனது என்பதற்கான தடயங்கள் பாதி அழிந்துவிடும்.

ஊதா எழுத்து இதழை முதலில் தனியே எடுத்து இருட்டில் வையுங்கள். அது சைக்ளோஸ்டைல் அன்று. ஸ்பிரிட் டூப்ளிகேட்டர் என்ற வேறொரு பொறியில் எடுத்ததாகவே இருக்க வேண்டும். அதில் எழுத்தாகப் பதிவது அனிலின் சாயம் என்பதால் வெளிச்சம் படப்பட வெளிறும். வெளிறியதை மீட்க வழியில்லை. கறுப்பு எழுத்துக்கு அந்தக் கவலை குறைவு. தட்டச்சுப் பொறியின் ரிப்பனை விலக்கிவிட்டு, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் எழுத்துகளை வெட்டி, அந்தத் துளைகளின் வழியே எண்ணெய் மையைக் கசியவிட்டு எடுப்பதுதான் சைக்ளோஸ்டைல். மை தாளுக்குள் ஊறிவிடுவதால் எழுத்து நிற்கும், நலிவது தாள்தான். ஒரு பக்கத்தை உருப்பெருக்கியில் பாருங்கள்: எழுத்தின் ஓரம் பிசிறடித்திருக்கும், அழுத்தமாகத் தட்டிய இடங்களில் ஆங்கில ‘ஓ’வின் உள்வட்டம் ஸ்டென்சிலிலிருந்து பெயர்ந்து விழுந்து, அச்சில் கறுப்புப் பொட்டாகப் பதிந்திருக்கும். அதைப் பிழை என்று தள்ளாதீர்கள். தட்டியவரின் விரல் அழுத்தம் அங்கேதான் இருக்கிறது.

முழுமையைப் பற்றிய கேள்விக்குப் பின்களே பதில் சொல்லும். இவ்விதழ்களில் பெரும்பாலானவை இடது ஓரத்தில் இரண்டு மூன்று பின்கள் அடித்துச் சேர்க்கப்பட்டவை. நண்பர்கள் கூடி, மேசையைச் சுற்றி நடந்து, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிய வேலை என்பதால், ஒரு பிரதியில் ஒரு தாள் இரண்டு முறை வருவதும் இன்னொன்றில் விடுபட்டுப் போவதும் தொடக்கத்திலேயே நேர்ந்திருக்கக்கூடும். பின் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேறு துளைகள் தெரிந்தால், யாரோ ஒரு முறை பிரித்து மீண்டும் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது எல்லாத் தாள்களிலும் அந்தப் பழைய துளைகள் ஒரே இடத்தில் உள்ளனவா என்று பாருங்கள். ஒரு தாளில் மட்டும் அவை இல்லையென்றால், அது வேறு பிரதியிலிருந்து வந்த தாள். உள்ளடக்கப் பட்டியல் இருந்தால் அதனோடும், பல்கலைக்கழக நூலகப் பட்டியல்களில் தரப்படும் தாள் எண்ணிக்கையோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

துரு தாளைத் தின்னத் தொடங்காதவரை பின்னைத் தொட வேண்டாம். எடுத்தே தீரவேண்டுமெனில், பின்புறம் மடங்கிய கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்திய பிறகே உருவவேண்டும்; பின் பிடுங்கும் கருவியால் இழுத்தால் தாளும் கூடவே கிழிந்து வரும். ஒவ்வொரு பிரதியையும் அமிலமற்ற உறையில் இட்டுப் படுக்கை நிலையில் வையுங்கள். செலோ டேப்பும் லேமினேஷனும் கூடவே கூடாது.

கேள்வி: புகழ்பெற்ற கவிஞர்களின் பெயர் உள்ள இதழ்களை மட்டும் தேடி வாங்குவது நல்லதா?

பதில்: என் கருத்தில் அது பலன் குறைந்த வழி. ஒரு கவிஞர் வட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆழமாகப் போவதே மேல். சான் பிரான்சிஸ்கோவில் கவிஞர் ஜாக் ஸ்பைசர் 1959இல் நடத்திய ‘ஜே’ இதழுக்கான கவிதைகள் ஒரு மதுக்கடையில் வைத்த பெட்டியில் வந்து சேர்ந்தன. ஊர் எல்லையைத் தாண்டி அது பரவவேண்டும் என்ற ஆசையே அவருக்கு இல்லை. நியூயார்க்கில் கவிஞர்கள் டயான் டி பிரிமாவும், பின்னாளில் அமீரி பராகா எனப்பட்ட லீராய் ஜோன்ஸும் 1961இல் தொடங்கிய ‘தி ஃப்ளோட்டிங் பேர்’ இதழோ விற்பனைக்கே வராமல், பட்டியலில் உள்ளவர்களுக்குத் தபாலில் மட்டும் போனது. சிறையிலிருந்த ஒருவருக்கு அனுப்பிய அதன் ஒன்பதாம் இதழால் ஆபாச வழக்கு எழுந்தது. வழக்கு தொடரலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. இப்படிப்பட்ட இதழில் தபால் மடிப்பும் முகவரியும் இருந்தால் அதைக் கறை என்று எண்ணிச் சுத்தம் செய்யாதீர்கள். எந்தக் கவிஞர் எந்த இதழை எப்போது படித்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

கவிஞர் டெட் பெரிகன் 1963இல் தொடங்கிய ‘சி’ இதழின் நான்காம் இதழுக்கு அட்டை செய்தவர் ஓவியர் ஆண்டி வார்ஹோல். அதை வாங்குவோரில் பலர் அட்டையோடு நின்றுவிடுகிறார்கள். கவிதைக்காக வாங்குபவர் உள்தாள்களை எண்ணிவிட்டே பணம் கொடுக்கவேண்டும்.

கேள்வி: என் பிரதி அசலா, பின்னாளில் எடுத்த ஒளிநகலா?

பதில்: தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒளிநகலின் டோனர் என்னும் மைத்தூள் தாளின் மேல் படிந்து லேசாக மினுக்கும். சைக்ளோஸ்டைல் மை மினுக்காது. அதோடு, எதிர்ப்பக்கத்தில் எழுத்தின் மங்கிய நிழல் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் படிந்திருந்தால், மை காயும் முன்பே தாள்களை அடுக்கியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.