கலங்கிய ஒயின் கெட்டுப்போன ஒயினா?

பாட்டிலில் 'ஆர்கானிக்' என்று போட்டிருந்தால் அது இயற்கை ஒயின்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவின் ஆர்கானிக் முத்திரை முக்கியமாகத் தோட்டத்தைப் பற்றியது. அறுவடைக்குப் பிறகு கடையில் வாங்கிய ஈஸ்ட்டைச் சேர்க்கலாம், வடிகட்டலாம், சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை கந்தகமும் (ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்ஃபைட்) இருக்கலாம். இயற்கை ஒயினைப் பழத்தோடு வந்த ஈஸ்ட்டே நொதிக்க வைக்க வேண்டும். பிரான்சில் 2020-ல் 'வேன் மெத்தோட் நத்யூர்' (இயற்கை முறை ஒயின்) என்ற முத்திரை வந்தது. ஆர்கானிக் திராட்சை, கையால் அறுவடை, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் கூடாது என்பவை அதன் விதிகளில் சில. பல சிறு குடும்பங்கள் இந்த முத்திரையே இல்லாமல், வெறுமனே 'வேன் து ஃபிரான்ஸ்' (பிரான்ஸ் ஒயின்) என்று போட்டு விற்கிறார்கள். அதனால் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: யார் பயிரிட்டார்கள், கந்தகம் எவ்வளவு? நல்ல கடைக்காரருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

பிரான்சின் போஜோலே பகுதியில் செய்த இயற்கைச் சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தேன். கலங்கலாக இருந்தது, நாக்கில் சுரீர் என்றது, அவித்த முட்டை வாடை வேறு. திருப்பிக் கொடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். வடிகட்டாததால் கலங்கல். கந்தகம் குறைவு என்பதால், நொதித்தலில் உண்டான கரியமில வாயுவைக் கொஞ்சம் உள்ளேயே காவலுக்கு விட்டுவைப்பார்கள். சுரீர் என்றது அதுதான். ஒரு ஜாடியில் ஊற்றி, நன்றாகக் கலக்கி, அரைமணி நேரம் விடுங்கள். பெரும்பாலும் வாடையும் போய்விடும்.

போகாத குறை ஒன்று உண்டு. மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விழுங்கிச் சில நொடிகள் கழித்து, தொண்டையில் எலிக்கூண்டு வாடை கிளம்பும். உமிழ்நீர் பட்டு ஒயினின் புளிப்பு தணிந்த பிறகுதான் அந்த வாடை எழும்புகிறது. பிரெஞ்சுக்காரர்கள் 'கூ து சூரி' (எலிச் சுவை) என்பார்கள். அதற்கு மருந்து கிடையாது. அந்த பாட்டிலைத் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள்.

அந்தப் போஜோலே ஒயினோடு என்ன சாப்பிடலாம்?

பக்கத்து நகரமான லியோன்காரர்கள் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள்: சூடான சொசிசோன் (பன்றி இறைச்சி சாசேஜ்), எண்ணெய் விட்டுப் பிரட்டிய உருளைக்கிழங்கு. போஜோலேயின் கமே திராட்சையைக் குலையோடு தொட்டியில் போட்டு மூடுவார்கள். பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கும். அதனால் துவர்ப்பு குறைந்து பழச்சுவை தூக்கலாக இருக்கும். ஒயின் வியாபாரியும் வேதியியல் அறிஞருமான ஜூல் ஷோவேயிடம் கற்று, இந்த வழியைப் போஜோலேயின் விலியே-மோர்கோன் ஊரில் நிலைநாட்டியவர் மார்செல் லாப்பியேர். சிவப்புதானே என்று அறை வெப்பத்தில் வைத்துவிடாதீர்கள். 13, 14 டிகிரிக்குக் குளிர வைத்தால்தான் பழம் பேசும்.

கந்தகம் இல்லாத ஒயின் குடித்தால் தலைவலி வராதா?

வரும். ஆல்கஹால் அங்கேயும் ஆல்கஹால்தான். கந்தக ஒவ்வாமை உள்ள ஆஸ்துமாக்காரர்களும் கவனமாக இருக்க வேண்டும். ஈஸ்ட்டே கொஞ்சம் கந்தகத்தை உண்டாக்கும்.

கிழக்கு பிரான்சில் ஜூரா பகுதியின் 'வேன் ஜோன்' (மஞ்சள் ஒயின்) ஏன் இவ்வளவு விலை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சவாஞ்ஞன் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினைப் பீப்பாயில் ஊற்றி, குறையக் குறைய நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். மேலே பாலாடை போல ஈஸ்ட் படலம் கட்டும். ஆறு வருடத்துக்கும் மேல் அப்படியே காத்திருக்க வேண்டும். ஒரு லிட்டரில் மிஞ்சுவது சுமார் 62 சென்டிலிட்டர் என்பதால், அதன் குட்டைப் பாட்டிலான கிளாவ்லானும் அதே அளவுதான். அத்தனை வருடம் பணத்தை முடக்கி வைப்பது ஒரு சிறு குடும்பத்துக்கு லேசான காரியமா?

மோந்து பாருங்கள், அக்ரூட் வாசனைக்குப் பின்னால் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று வரும்: வெந்தயம். இரண்டிலும் இருப்பது சோட்டோலோன் என்ற ஒரே பொருள். ஒன்றரை வருடத்துக்கு மேல் முதிர்ந்த கோம்தே சீஸை ஒரு துண்டு கடித்துவிட்டு ஒரு மடக்கு குடியுங்கள். அல்லது இதே ஒயினும் க்ரீமும் மொரில் காளானும் சேர்த்த கோழி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் வாசனை எழும்பாது. சில மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

கந்தகம் சேர்க்காத லேசான ஒயின் என்றால் ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள். திறக்காதவற்றையும் 14 டிகிரிக்குள் வையுங்கள். சூடு பட்டால் உள்ளே இருக்கும் ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கிவிடலாம். வேன் ஜோனுக்கு மட்டும் இந்தக் கவலை வேண்டாம். காற்றோடு பழகியே வளர்ந்தது அது. கார்க்கைச் செருகி வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும்.